அட்டாலியில் கிடக்கும் கேசட்டை முதலில் இறக்குங்கள்: பழைய இசைத்தட்டு, ஒலிநாடா கேள்வி பதில்

பழைய இசைத்தட்டு, கேசட், ஸ்பூல் நாடா ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றியும் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பது பற்றியும் கொங்குப் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருந்தால் ஒரு முறைதான் பதில்.

பொள்ளாச்சி: அண்ணா, எங்க சித்தப்பா மெட்ராஸில் படிக்கும்போது வாங்கிய ‘சிம்லா பீட்’ எல்.பி. இசைத்தட்டு ஒன்று இருக்கு. இது அபூர்வமானதா? எப்படிக் கழுவுவது?

அபூர்வம்தான். சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாக்கோ நடத்திய ராக் இசைப் போட்டி அது. 1970, 1971 என இரண்டு தொகுப்புத் தட்டுகள் வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் குழு அவற்றில் பாடியிருக்கிறது. இந்திய ராக் இசையைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இவற்றுக்கு அலைகிறார்கள். பின்னாளில் வெளிநாட்டில் மறுபதிப்பும் வந்துவிட்டது.

கழுவும்போது தண்ணீரைக் கவனியுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் தட்டின் பள்ளங்களில் வெள்ளையாகப் படியும், ஊசி ஓடும்போது அதுவே கரகரக்கும். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் கடைசி அலசு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில்தான் இருக்க வேண்டும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது. மென்மையான துணியைப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு பழைய பி.வி.சி. உறையில் போடாமல் புது உறையில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும்.

கோவை, சாயிபாபா காலனி: உக்கடம் பழைய சாமான் கடையில் பீட்டில்ஸ் 78 தட்டு ஒன்று கிடைத்தது. பீட்டில்ஸ் வந்த காலத்தில் 78 ஏது? போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. 78 என்பது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு. மற்ற நாடுகள் 45 சுற்றுத் தட்டுக்கும் எல்.பி.க்கும் போன பிறகும் இந்தியாவில் கிராமங்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் கொல்கத்தா டம்டம் ஆலையில் 1960-களின் நடுப்பகுதியிலும் பார்லபோன் லேபிளில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78-ஆக அச்சடித்தார்கள்.

ஒரே எச்சரிக்கை: அது அரக்குத் தட்டு, ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

தாராபுரம், அவிநாசி, நாமக்கல் நண்பர்கள்: எங்கள் தட்டுக்கு என்ன விலை கிடைக்கும்?

விலை சொல்வதில்லை.

காங்கேயம் பக்கத்து ஊர்: ஏனுங்க, எங்க தாத்தா காலத்தில் நோம்பிக்கு அண்ணன்மார் கதை உடுக்கையடிச்சுப் பாடினதை மாமா கேசட்டில் பிடிச்சு வெச்சிருந்தார். பதினஞ்சு கேசட் இருக்கும். பாடினவர் இப்ப இல்லை. ஒண்ணு ரெண்டு சிக்குது, ஒண்ணில் வெள்ளையா ஏதோ பூத்திருக்குது. எங்கிருந்து தொடங்கறதுங்க?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். மற்றவர்களும் நிதானமாகப் படியுங்கள்.

சிம்லா பீட் உங்களிடம் உடைந்தாலும் லண்டனிலோ மும்பையிலோ இன்னொருவரிடம் பிரதி இருக்கும். கம்பெனித் தட்டு எல்லாமே அப்படித்தான். உங்கள் மாமா பதிந்த கேசட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. உங்கள் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில்தான் 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் இதே கதையை இரவிரவாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாகத் தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் வந்தது. அன்று அவர் நாடாவில் பிடிக்காமல் போயிருந்தால் அந்தப் பாடகர்கள் அந்த இரவுகளில் சொன்ன சொல் நமக்கு இல்லை. இந்தக் கதையை ஆளுக்கு ஆள் வேறு விதமாகப் பாடுவார்கள். உங்கள் ஊர்க்காரர் பாடிய விதம் உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கிறது.

இனி வேலை. பூஞ்சை பூத்த கேசட்டைத் தனியாக வையுங்கள், டெக்கில் போடாதீர்கள். போட்டால் அந்தப் பொடி, நாடாவைப் படிக்கிற ஹெட்டிலும் அதை ஓட்டுகிற ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும்.

நல்ல கேசட்டை எடுத்து, நாடா தெரிகிற வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் சிறு செப்புத் தகடும் அதன்மேல் கடுகளவு கம்பளித் துண்டும் இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அந்தத் துண்டு உதிர்ந்திருக்கும். அப்போது சத்தம் கம்மலாக, ஏறி இறங்கி வரும். பலர் “நாடா போயிருச்சு” என்று தூக்கி எறிவது இந்தக் கடுகளவுத் துண்டு விழுந்ததற்காகத்தான். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் கழற்றி, நாடாச் சுருள் இரண்டையும் அப்படியே ஒரு நல்ல காலிக் கூட்டுக்கு மாற்றலாம். திருகு இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் பழகினவரிடம் கொடுங்கள்.

பாட வைக்கும் முன் ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள், சிக்கல் பாதி தீரும். பிறகு ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். உடுக்கையின் கீச்சொலி எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மாமா பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் சாய்ந்திருந்த கோணம் அது. கேசட்டுக்குக் கேசட் மாறலாம்.

பதியும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் அதில் பாதி போதும், ஒலி துளியும் குறையாது. எம்.பி.3 சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும். அந்த முதல் பிரதியில் இரைச்சல் நீக்குவதோ சத்தம் கூட்டுவதோ வெட்டுவதோ எதுவும் செய்யாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் முதலில் விழுங்குவது பாடகரின் மூச்சையும் உடுக்கை அடி ஓய்கிற வாலையும்தான். சுத்தம் செய்ய ஆசையிருந்தால் நகலில் செய்யுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில்.

கேசட்டைப் பிறகும் வைத்திருங்கள்.

ஈரோடு: கே.பி. சுந்தராம்பாள் அம்மாவின் 78 தட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றினேன். சுருதி நம்ப முடியாத உயரத்தில் இருக்கு. தட்டு வேகமாக ஓடுதுன்னு நினைச்சு ஒரு கட்டை இறக்கிச் சேமிச்சிட்டேன். இப்பத்தான் மனுஷக் குரலா இருக்கு.

கரூர்: அண்ணா, ஈரோட்டுக்காரர் செய்தது அக்கிரமம். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடின குரல் அது. கொடுமுடியில் பிறந்த அம்மாவுக்கு ஈரோட்டிலிருந்தே கட்டையைக் குறைக்கலாமா?

இந்த விஷயத்தில் இருவரும் மாறி மாறி எழுதியதை முழுதும் இங்கே போட இடமில்லை. கணக்கைப் பார்ப்போம். மின் ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய தட்டுகளில் வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறியது உண்மை. அதற்குப் பிறகு பெரும்பாலும் 78-ஐ ஒட்டியே இருக்கும். தட்டைச் சுழற்றும் உங்கள் மேஜை (டர்ன்டேபிள்) 78-க்குப் பதில் 80-ல் ஓடினாலும் சுருதி ஏறுவது அரைக் கட்டையில் பாதிகூட இல்லை. அரைக் கட்டை ஏற வேண்டுமானால் ஏறக்குறைய 82.6-ல் ஓட வேண்டும். ஒரு கட்டை ஏறுவதற்கு 87-க்கும் மேலே போக வேண்டும். அந்த அளவுக்கு மேஜை ஓடினால் கண்ணாலேயே தெரியும்.

முதலில் மேஜையைச் சோதியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு போட்ட, வேகம் பார்க்கிற ஸ்ட்ரோப் தட்டு வேண்டும். ஓடும்போது விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் 77.92. எல்.இ.டி. விளக்கில் பார்க்காதீர்கள், பல எல்.இ.டி.கள் மின்சாரத்தோடு துடிப்பதில்லை. நியான் விளக்கு நல்லது, குண்டு பல்பும் ஆகும்.

அடுத்தது ஹார்மோனியம். தொண்டை ஏறலாம் இறங்கலாம், ஹார்மோனியத்தின் பித்தளை நாக்கு அன்றைக்குப் பாட்டுக்குப் பாட்டு மாறாது. தட்டில் ஹார்மோனியம் தனியாக ஒலிக்கிற நொடியை எடுத்து எந்தக் கட்டையில் நிற்கிறது என்று பாருங்கள். அரைக் கட்டை இடைவெளியில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கட்டைக்கு நடுவில் அந்தரத்தில் நின்றால் வேகத்தைச் சந்தேகப்படலாம். ஒரு கட்டையில் நேராகப் பொருந்தினால் பெரும்பாலும் வேகம் சரி. பழைய பெட்டிகளின் சுருதி இன்றைய அளவிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஈரோடு: இரண்டு கட்டைக்கு நடுவில்தான் நிற்குது அண்ணா!

கரூர்: எந்த அளவை வைத்துப் பார்த்தாராம், கேளுங்கண்ணா.

கரூர் கேட்டது சரியான கேள்வி. அப்படியே நடுவில் நின்றாலும் திருத்தம் கால் கட்டை, ஒரு கட்டை அல்ல. கரூர் சொல்கிற மேடைக் குரலும் உண்மை. 1933-ல் மறைந்த நாடக நடிகர் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த காலம் உச்சஸ்தாயிக்குக் கூட்டம் கூடிய காலம். நம் காது மைக்குக்குப் பழகிவிட்டது, அதனால் அந்தக் குரல் நம்ப முடியாததாகப் படுகிறது. ஈரோட்டுத் தம்பி, ஒரு கட்டை இறக்கிய கோப்பு இருக்கட்டும், இறக்காத முதல் பிரதி எங்கே? அதன்மேலேயே சேமித்துவிட்டீர்கள் என்றால் தட்டை மறுபடியும் ஓட்டிப் பதியுங்கள், இந்த முறை வேகத்தையும் ஊசி அளவையும் கோப்போடு எழுதி வையுங்கள். முதல் பிரதியைத் தொடாதீர்கள்.

சத்தியமங்கலம்: எல்.பி. ஊசியிலேயே 78 கேட்கலாமா?

கூடாது. 78-க்கு 3 மில், அதாவது ஏறக்குறைய 76 மைக்ரான் முனை. எல்.பி. ஊசி அதில் கால்வாசிதான், பள்ளத்தின் அடியில் போய் அழுக்கை உழும். பதியும்போது ஸ்டீரியோவாகவே பதியுங்கள். பள்ளத்தின் இரு சுவரில் தேயாத சுவரைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

திருப்பூர்: பழைய சாவி கிராமபோனில் ஓட்டி முன்னாடி போனை வைத்துப் பதிந்தால் ஆகாதா?

ஆகாது. அதன் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்க்கும்.

கோபி: 78 தட்டை ஸ்பிரிட்டில் துடைக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். கூடாது.

பெருந்துறை: கணினியில் ஏற்றியதை எல்லோருக்கும் பொதுவில் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டுக்கும் மெட்டுக்கும் அது தனி, எழுதியவர் மறைந்ததிலிருந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல், அதனால் தட்டு 1930-களின் தட்டாக இருந்தாலும் அவர் பாட்டுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. ஊர்ப் பாடகரின் பதிவு என்றால் சட்டத்தோடு அவர் வீட்டாரையும் கேளுங்கள்.

பல்லடம்: ஸ்பிரிட் இல்லாவிட்டால் சானிடைசர்?

அதிலும் ஆல்கஹால்தான்.

வெள்ளக்கோயில்: எங்க அத்தை கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடின கேசட் இருக்குதுங்க. மேலே ஒண்ணும் எழுதலை. யார் பாடினாங்கன்னு தெரியலை.

கம்பர் பெயரில் வழங்குகிற அந்த வாழ்த்தை மனப்பாடமாக முழுதும் பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பழுது பார்ப்பதும் பதிவதும் காங்கேயத்துக்குச் சொன்னபடியே. பதிந்த கையோடு அந்தக் கல்யாணத்தில் இருந்த பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். பாடினவர் பெயர், ஊர், கல்யாணம் நடந்த ஆண்டு, டேப் ரெக்கார்டர் யாருடையது, இவற்றை எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். கேசட்டில் நாடா தெரிகிற வாய்க்கு எதிர்ப்பக்கம் உள்ள இரண்டு சிறு காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் அதன்மேல் யாரும் பதிய முடியாது.