ஆள் போதாத இரவுப் பணி: ஸ்காட்லாந்துச் சட்டம் சொல்வது என்ன?

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். இரவில் ஒருவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று படுக்கைகளிலிருந்து அழைப்பு மணி ஒலிக்கிறது, ஓடுவதற்கு ஆள் இல்லை என்று சொல்லி அழுகிறாள். ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று அங்கே சட்டம் இல்லையா?

– ஒரு தாய்

பதில்: தாங்கள் எதிர்பார்க்கும் எண்ணிக்கை அங்குள்ள சட்டத்தில் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பொது மருத்துவ வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். 2019இல் இயற்றப்பட்டு, 2024 ஏப்ரல் 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த ஸ்காட்லாந்துச் சட்டமோ, நோயாளிகளின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் ஏற்ற எண்ணிக்கையில், தகுதியும் திறமையும் உள்ள பணியாளர்கள் எந்நேரமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமையை, அரசு மருத்துவமனைகளை நடத்தும் சுகாதார வாரியங்களிடம் ஒப்படைக்கிறது. பணியாளர்களின் நலனும் அக்கடமைக்குள் அடங்கும் என்பதைத் தங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

எண் இல்லையென்றால் பயனும் இல்லை என்று எண்ண வேண்டாம். ஆள் போதாமையால் ஆபத்து நேரக்கூடும் என்று எந்தப் பணியாளர் கண்டாலும், அதை அப்போதே வார்டின் பொறுப்பாளரிடம் தெரிவிப்பதற்கான ஏற்பாட்டை வாரியம் செய்திருக்க வேண்டும். பொறுப்பாளரால் அதைத் தீர்க்க முடியாவிட்டால், தேவைப்படும் அளவுக்கு மேலிடம் வரை அது செல்ல வேண்டும். எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் ஆபத்தைச் சுட்டிக்காட்டியவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த முடிவில் உடன்பாடு இல்லையென்றால், தம் மறுப்பைப் பதிவு செய்யவும் அவருக்கு வழி உண்டு. இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

முதியோர் இல்லம் போன்ற பராமரிப்பு நிலையங்களை நடத்துவோருக்கும் போதிய ஆள் வைக்கும் கடமை உண்டு. ஆனால் மேலே சொன்ன படிப்படியான நடைமுறை சுகாதார வாரியங்களுக்கு உரியது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், வாய் திறந்தால் விசாவுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சி எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், ஆள் போதவில்லை என்று தெரிவிப்பது எவர் மீதும் சுமத்தும் புகார் அன்று, சட்டமே வகுத்துத் தந்த வழி. ஆகவே, வாய்மொழியாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், அன்றிரவு வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து எவ்வளவு நேரம் தாமதமாயிற்று என்பதை மருத்துவமனையின் பதிவு முறையில், பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே பதிந்துவிடச் சொல்லுங்கள்.