இரண்டடி இடம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண இசைக்குழுவில் ட்ராம்போன் வாசிக்கிறேன். மணமக்கள் சோபா, பூ அலங்காரம், விளக்குக் கம்பங்கள் எல்லாம் போக மேடையில் மிஞ்சும் மூலையில்தான் நாங்கள் எட்டுப் பேரும். சுரத்தை மாற்ற ஸ்லைடை, அதாவது முன்னால் இழுக்கும் குழலை, நீட்டினால் கீபோர்டு வாசிப்பவரின் முதுகில் இடிக்கிறது. போன வாரம் முழங்கையை மடக்கியபடியே ஒரு பாட்டை ஒப்பேற்றினேன். ஸ்லைடுக்குப் பதில் வால்வுகளை விரலால் அழுத்தி வாசிக்கும் வால்வு ட்ராம்போனுக்கு மாறிவிடலாமா? ஏர்கானுக்கு நேர் கீழே உட்காருவதால் சுருதியும் இறங்குகிறது. இடம் கேட்கலாம் என்றால், ஒரு மாலையில் நான் வாசிப்பதே நான்கைந்து பாட்டுகள்தான். அதற்குப் போய் இடம் கேட்டால் திமிர் என்பார்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் என் ட்ராம்போன் பெட்டி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடாத கருவி. திறந்து ஸ்லைடை இழுத்துப் பார்த்தேன். ஸ்லைடு நிற்கும் ஏழு நிலைகளில் நான்காம் நிலைவரை வந்தது, பிறகு இறுகி நின்றுவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சுருதியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். குளிர்ந்தால் பித்தளைக் குழல் எல்லாம் இறங்கத்தான் செய்யும். பாட்டுக்கு முன் சத்தமில்லாமல் மூச்சை ஊதிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், போதும்.

வால்வு ட்ராம்போன் ஒன்றும் பாவமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராக்களில் அதுதான் புழங்கியது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் சுகம் அதில் கிடையாது. வழுக்கல் இல்லாத ட்ராம்போனை வைத்துக்கொண்டு நம் பாட்டில் என்ன செய்வீர்கள்? உங்கள் கருவியில் டிரிகர், அதாவது கூடுதல் குழலைத் திறக்கும் கட்டைவிரல் நெம்புகோல், இருந்தால், ஆறாம் நிலைக்கு நீட்டி எடுக்கும் கீழ் எஃப், சி சுரங்கள் இரண்டும் முதல் நிலையிலேயே கிடைக்கும். இல்லையென்றால் அந்த இடத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இசைத்தாளில் பேஸ் கிளெஃப்பின், அதாவது கீழ்ச்சுரங்களுக்கான ஐந்து கோடுகளின், மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் எல்லாச் சுரமும் நான்கு நிலைகளுக்குள் அடங்கிவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

இப்போது அந்தத் ‘திமிர்’ என்ற சொல்லுக்கு வருவோம். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, தம்பி. சோபாவுக்கு ஆறடி கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் ரோஜா வளைவுக்குப் பத்தடி. அந்த ரோஜா எத்தனை பாட்டு வாசிக்கிறது? உங்கள் ஸ்லைடு ஏழாம் நிலைக்குப் போக, மூடிய இடத்திலிருந்து சுமார் இரண்டடி வேண்டும். அந்த இரண்டடியைக் கேட்க உங்களுக்கு நா எழவில்லை. நான்கு பாட்டுக்காரனுக்கு இடம் எதற்கு என்று மண்டபத்துக்காரர் சொல்லவில்லை, நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள்.

1808 டிசம்பரில் வியன்னாவில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியது. அதில் ட்ராம்போன்காரர்கள் மூவர். முதல் மூன்று பகுதிகளில் அவர்களுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது, நான்காவதில்தான் நுழைகிறார்கள். இன்றைக்கும் அதை வாசிக்கும்போது அவர்களின் இடம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. பாட்டை எண்ணி நாற்காலி போடுவதில்லை. பிரிட்டிஷ் மரபில் வந்த ராணுவ பேண்டுகளில் ட்ராம்போன்காரர்களை முதல் வரிசையில் நடக்கவிடுவதும் ஸ்லைடுக்கு முன்னால் முதுகு இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். நியூ ஆர்லியன்ஸில் வண்டியில் ஏறி வாசித்துக்கொண்டு போன குழுக்கள், ட்ராம்போன்காரனை வண்டியின் பின்கதவு ஓரத்தில் உட்காரவைத்தன. ஸ்லைடு தெருப் பக்கம் நீளட்டும் என்று. அந்தப் பாணி வாசிப்புக்கே ‘டெயில்கேட்’, அதாவது பின்கதவு, என்று பெயர் நிலைத்துவிட்டது. உங்களை மட்டும் ஏன் குளிர்காற்றுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் செருகுகிறார்கள்? நீங்கள் செருகிக்கொள்வதால்.

என் சித்தப்பா தவில் வாசித்தார். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு ரதம் போகும்போது தெரு முழுக்க அவருடையது. மண்டபத்துக்குள் வந்தால் ஆளே வேறு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். யாரிடமும் பேசமாட்டார். சிவப்பு ஜமுக்காளத்தை உதறி விரிப்பார். இடது ஓரத்தில், குச்சி பிடிக்கும் கை வீசும் தூரத்தைக் கணக்குப் பார்த்து, வெற்றிலைப் பெட்டியை வைப்பார். பிறகு காப்பி குடிக்கப் போய்விடுவார். மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் உங்களைப் போலவே நல்ல பிள்ளை. தூணுக்கும் நிற்கும் மின்விசிறிக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மூன்றாம் பாட்டில் ஸ்லைடு விசிறியின் இரும்புக் காலில் மோதியது. கடுகளவு நசுங்கல். ஸ்லைடின் உள்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி உங்களுக்குத் தெரியும், அங்கே கடுகே மலைதான். மிச்சப் பாட்டுகளை நான்கு நிலைகளை வைத்துக்கொண்டு சமாளித்தேன். எட்டாத சுரம் வந்தபோதெல்லாம் கன்னத்தை மட்டும் உப்பவைத்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சம்பளத்தை முழுதாகக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கீழே பந்தியில் பக்கத்து இலையில் சித்தப்பா. “உனக்கு உட்காரவே தெரியவில்லையடா” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். நாற்காலியைப் போட்டு, ஸ்லைடை ஏழாம் நிலைவரை நீட்டி, முனை எங்கே நிற்கிறதோ அங்கே தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பளிச்சென்ற மஞ்சள் டேப். அலங்காரக்காரர் முறைத்தால் கீபோர்டு வாசிப்பவரைக் கூப்பிடுங்கள். இத்தனை நாள் இடிபட்டது அவருடைய முதுகு, உங்களைவிட நன்றாகவே பேசுவார்.