வோல்ட்டைக் கேளுங்கள், ஆம்பியரைக் கேளுங்கள்

எங்கள் வீட்டு ஹீட்டர் 15 லிட்டர், 2000 வாட். முன்பு கால் மணி நேரத்தில் தண்ணீர் சுட்டுவிடும். இப்போது இருபது நிமிடம் தாண்டுகிறது. பார்க்க வந்தவர் ஹீட்டர் டெர்மினலில் மீட்டர் வைத்து, ‘198 வோல்ட், 7.5 ஆம்பியர். ஆம்பியர் குறைச்சலாக இழுக்கிறது, எலிமெண்ட் போச்சு’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தெர்மோஸ்டாட் கட் ஆனதும் அதே இடத்தில் 225 வோல்ட் காட்டியது. எலிமெண்ட்டை மாற்றத்தான் வேண்டுமா?
*— ஒரு வாசகி, தேனி*

வேண்டாம் அம்மா. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எலிமெண்ட் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியே அதுதான்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. 198-ஐ 7.5-ஆல் வகுங்கள், 26.4 வருகிறது. புது எலிமெண்ட் எத்தனை ஓம் இருக்கும்? 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர், 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் அதுவும் 26.4 ஓம். இம்மி பிசகவில்லை. வோல்ட் குறைந்ததால் ஆம்பியர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வாட். 198-ஐ 7.5-ஆல் பெருக்கினால் 1485. 230-இலிருந்து வோல்ட் குறைந்தது நூற்றுக்குப் பதினான்கு, வாட்டோ இருபத்தாறு குறைந்துவிட்டது. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே இறங்குவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 2000 வாட்டுக்குப் பதினாறு நிமிடம் போதும். 1485 வாட்டுக்கு இருபத்தொன்று ஆகும். நீங்கள் சொன்ன கணக்கு சரியாக இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. லோடு இல்லாதபோது 225, லோடு ஏறினால் 198. நடுவில் 27 வோல்ட் எங்கே போனது? 27-ஐ 7.5-ஆல் வகுத்தால் 3.6 ஓம். பெருக்கினால் 202 வாட். உங்கள் வீட்டு ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு, போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என்றே வைத்தாலும் 0.3 ஓம்கூடத் தேறாது. இரண்டு வோல்ட் தின்னும். மிச்சமெல்லாம் எங்கோ ஒரு லூஸ் ஜாயின்ட்டில் சூடாகிக்கொண்டிருக்கிறது. எங்கள் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் கோல் 25 வாட்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்ததே ஒரு தப்பில்தான். வைண்டிங் கடை வைத்த புதிதில் இதே புகாருக்கு நானும் எலிமெண்ட்டை மாற்றிக் காசு வாங்கினேன். மறுவாரம் அந்த அம்மா கூப்பிட்டு, ‘பாத்ரூம் பக்கம் மீன் கருகுற வாடை அடிக்குதுப்பா’ என்றார். சைவ வீடு. பிளக் டாப்பைக் கழற்றினால் நியூட்ரல் ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது. பித்தளைப் பின் நீலம் பாரித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பொரிந்து கிடந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பின் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

ஆகவே, ஹீட்டர் ஓடும்போது மெயின் போர்டில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 223, 224 என்று நின்றால் கோளாறு வீட்டுக்குள்: பிளக் டாப், சாக்கெட், ஸ்விட்ச், ஜங்ஷன் பாக்ஸ். மெயின் போர்டிலும் விழுந்தால் சர்வீஸ் ஒயர் அல்லது கம்பத்து ஜாயின்ட். அது ஈ.பி.காரர்கள் வேலை, வேறு யாரையும் ஏறவிடாதீர்கள். அதுவரை ஹீட்டர் போடாமல் அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

60 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 66 ஓம். கணக்குப் போட்டால் 882 ஓம் வருகிறது. மீட்டர் பழுதா?
*— பிளஸ் டூ மாணவர், விருதுநகர்*

மீட்டரும் சரி, கணக்கும் சரி தம்பி. நீ அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன். எரியும்போது இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போய்விடும், ஓம் பத்துப் பதினைந்து மடங்கு ஏறும். ஸ்விட்ச் போட்ட அந்தக் கணம் மட்டும் மூன்றரை ஆம்பியர்வரை பாயலாம். பிறகு கால் ஆம்பியரில் அடங்கிவிடும். பழைய பல்பு போட்டவுடன் ‘டப்’ என்று போவது இதனால்தான்.

கிரைண்டர் மோட்டார் காயிலில் 35 ஓம் காட்டுகிறது. 230-ஐ வகுத்தால் ஆறரை ஆம்பியர். கிளாம்ப் மீட்டரில் 0.9 தான் வருகிறதே?
*— ஒரு வாசகர், ஈரோடு*

ஹீட்டர் கணக்கை மோட்டாருக்குப் போடக் கூடாது. மாறு மின்சாரத்தில் காயிலின் காந்தமே எதிர்த்து நிற்கும். மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் ஓம் மட்டும். 230-ஐ 0.9-ஆல் பெருக்கி 207 வாட் என்றும் சொல்லிவிடாதீர்கள். மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி இறங்காது, அதற்கான குறைப்புதான் பவர் ஃபேக்டர். அதைக் கழித்தால் உங்கள் பெயர்ப்பலகையில் உள்ள 150-க்குப் பக்கத்தில் வரும். மாவு இறுகிக் கல் நின்றுபோனால் மட்டும் அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்து ஆம்பியர் விறுவிறுவென்று ஏறும். உறுமல் கேட்டதும் ஸ்விட்சை அணையுங்கள். ஒரு நிமிடம் யோசித்து நின்றவர்கள்தான் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள்.