மைதானத்துக்கு வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

அகதி இளைஞர்களின் விளையாட்டு, பொழுதுபோக்கு பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மூலமாகப் பையன்களைச் சந்திக்கிறேன். எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கு, பிடிக்கும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கேள்விகளை மாற்றிப் பார்க்கட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

கேள்விகள் இருக்கட்டும், அவர்களிடம் போய்ச் சேர்ந்த வழியை முதலில் பாருங்கள். அணியில் தன் இடம் பயிற்சியாளர் கையில் இருக்கும்போது, அவர் அழைத்து வந்த பையன் வேறென்ன சொல்வான்? அகதியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பித்தவர்களை அதிகாரிகள் விசாரிக்கும் புகலிட நேர்காணலில் முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது சொல்லிவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். அதைக் கடந்து வந்தவன் நோட்டோடு வருகிற யாரிடமும் அளந்துதான் பேசுவான். பேச மறுத்தால் அவனுடைய புகலிட வழக்குக்குப் பாதிப்பு இல்லை, பேசினாலும் லாபம் இல்லை என்று இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவதைச் சொல்லப் பலருக்கும் வாய் வருவதில்லை. மொழிபெயர்ப்பாளர் அதே சமூகத்துக்காரர் என்றால், பேசியதெல்லாம் வீட்டுக்குப் போய்விடும் என்ற பயமும் இருக்கும்.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது இன்னொன்று. மாலையில் வேலைக்குப் போகிறவன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண், பஸ்ஸுக்குக் காசில்லாதவன் யாரும் மைதானத்துக்கு வருவதில்லை. வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "விளையாட்டு மனக்காயத்தை ஆற்றுகிறது" என்று எழுதிவிடுகிறோம். நிதி தருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10 பேரோடு இறங்கிய அகதிகள் அணிக்கு, 2024 பாரிஸில் குத்துச்சண்டை வீராங்கனை சிண்டி இங்காம்பா முதல் பதக்கம் வாங்கித் தந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மாதிரிக் கதையை மனதில் வைத்துக்கொண்டு போனால் அதுவே திரும்பக் கிடைக்கும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில், ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகச் சொல்கிறது. அதனால் ஏதாவது பலன் வந்தாக வேண்டும் என்று அதில் நிபந்தனை எதுவும் இல்லை.

அதனால் கால்பந்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். போனில் ஆடியது, சும்மா சுற்றியது எல்லாம் வரும். புகலிட முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களுக்கு நேரம் ஏராளமாக இருக்கும். அதை ஓய்வு என்று எழுதலாமா என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. தப்பி வந்த கதையை மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள்.

அப்புறம், ஆய்வின் நடுவே சிலரை அதிகாரிகள் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். சேர்ந்து பழகிய அணியை அப்படி விட்டுப் போக நேர்வதும் உங்கள் தரவுதான்.