பின் சக்கரம் நிஜமாகவே இழுக்கிறதா? செகண்ட் ஹேண்ட் டஸ்டர் வாங்கப் போகும் ஒருவருக்கு

நாமக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொல்லிமலையில் அவருக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு 3 கிலோமீட்டர் மண் பாதை, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இப்போதிருக்கும் சின்ன கார் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு புரோக்கர் 2016 மாடல் ரெனோ டஸ்டர் காட்டியிருக்கிறார்: டீசல், ஆல் வீல் டிரைவ், மீட்டரில் 78 ஆயிரம், டெல்லி நம்பர், விலை ஐந்தே முக்கால் லட்சம். "ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாகப் போகிறது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வண்டி நுணுக்கம் எதுவும் தெரியாது" என்கிறார்.

தெரியாது என்று சொன்னாலும் சரியான கேள்வியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். தார் ரோட்டில் ஓட்டினால் அது தெரியவே தெரியாது. இந்த வண்டி சாதாரணமாக முன் சக்கரத்தில்தான் ஓடும், முன் சக்கரம் வழுக்கும்போதுதான் பின்னால் இருக்கும் மின்காந்த கப்ளிங் பிடித்து பின் சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும். அந்த கப்ளிங் செத்தே போயிருந்தாலும் திருச்சி ரோட்டில் ஒரு குறையும் தெரியாமல் பறக்கும். புரோக்கர்கள் "எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க சார்" என்று தாராளமாகச் சாவியை நீட்டுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் அது ஆல் வீல் டிரைவ் வண்டிதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். டஸ்டர் நம் ஓரகடம் ஆலையில் 2012-ல் இருந்து 2022 வரை தயாரான வண்டி. அதில் ஆல் வீல் டிரைவ் வந்தது 2014-ல்தான், அதுவும் 110 குதிரைசக்தி டீசலில் 6 கியர் மேனுவல் வண்டிக்கு மட்டும். 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு அந்த டீசலையே நிறுத்திவிட்டார்கள். அதனால் ரோட்டில் திரியும் டஸ்டர்களில் பெரும்பாலானவை வெறும் முன் சக்கர வண்டிகள். பின் கதவில் ஒட்டியிருக்கும் எழுத்து வெறும் பிளாஸ்டிக், அதை யாரும் ஒட்டலாம். கியர் லீவர் பக்கத்தில் 2 வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலைக்குத் திருப்பும் குமிழ் (திருகி) இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் தரை விரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி உள்ளேயே இருக்க வேண்டும். முன் சக்கர டஸ்டரில் அது வண்டிக்கு அடியில் தொங்கும். இன்னொன்று, ஆல் வீல் டிரைவ் வண்டியின் முதல் கியர் மிகக் குட்டையானது, சமதளத்தில் எடுத்தவுடனே இன்ஜின் கத்தும், இரண்டாவது கியருக்குக் கை தானாகப் போகும். மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸி மாதிரி இதில் தனியாக லோ கியர் கிடையாது, சேற்றில் ஊர்ந்து போகவும் இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றவும் அந்த முதல் கியர்தான் கதி.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ராம்பில் ஏற்றி அடியில் பார்க்காமல் விடாதீர்கள். நாமக்கல்லில் ராம்புக்கா பஞ்சம்? லாரி மெக்கானிக் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், டஸ்டர் தெரிய வேண்டியதில்லை, புரொப்பல்லர் ஷாஃப்ட் எது என்று தெரிந்தால் போதும். இன்ஜின் பக்கத்திலிருந்து ஒரு நீள ஷாஃப்ட் பின்னால் வந்து, பின் டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் பெட்டி) போய், அங்கிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். என்னிடம் ஒரு வண்டி வந்தது, திருகி இருந்தது, ஸ்டெப்னி உள்ளே, எழுத்து ஒரிஜினல், எல்லாம் சரி. ராம்பில் தூக்கினால் நடுவில் ஷாஃப்டே இல்லை! முன்னால் இருந்தவர் கப்ளிங் சத்தம் போடுகிறது என்று ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்திலேயே ஓட்டியிருக்கிறார். போல்ட் இருந்த நாலு ஓட்டையிலும் செம்மண் அடைத்து உலர்ந்து கிடந்தது. வாங்கியவர் இரண்டு தடவை ஏற்காடு போய் வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஈரமான மண், ஆற்று மணல், மழை பெய்த புல் மேடு, ஏதாவது ஒன்று வேண்டும். லேசான ஏற்றத்தில் நிறுத்தி, திருகியை 2 வீலில் வைத்து மெதுவாக எடுங்கள். முன் சக்கரம் வழுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றியதும் விட்டுவிடுங்கள், குழி தோண்டாதீர்கள். அதே இடத்தில், நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய லாக்கில் வைத்து எடுங்கள். மச்சானையோ யாரையோ பக்கவாட்டில் தள்ளி நிறுத்தி செல்போனில் பின் சக்கரத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின் சக்கரமும் மண்ணைத் தள்ளிக்கொண்டு வண்டி ஏறினால் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஏற்றமே கிடைக்கவில்லை என்றால், உதிரி மண்ணில் லாக் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி வண்டி முரண்டு பிடிக்கும். 2 வீலில் அது இருக்காது. இந்த வட்டத்தைக் காய்ந்த தார் ரோட்டில் மட்டும் அடிக்காதீர்கள், நல்லதாக இருக்கும் கப்ளிங்கை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கி கியர் போட்டுச் சுற்றவிட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம், வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும்.

இதெல்லாம் பாஸ் ஆன பிறகு குனிந்து டயரைப் பாருங்கள். நாலும் 215/65 ஆர்16, ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். புரோக்கர் பெருமையாக "முன்னாடி ரெண்டும் புது டயர் சார்" என்பார். அங்கேதான் ஆபத்து. முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் சக்கரத்தின் சுற்றளவு வேறு வேறு, சும்மா நேராகப் போகும்போதே முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றும், ஏதோ வழுக்குகிறது போல என்று கப்ளிங் வேலை செய்துகொண்டே இருக்கும், சூடாகும், ஒருநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும். இந்த இன்ஜின் பல வண்டிகளில் வந்தது, சாமான் கிடைக்கும். பின்னால் இருக்கும் கப்ளிங்குக்கு நீங்கள் அலைய வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3216 என்றால் 2016-ன் 32-வது வாரம் என்று அர்த்தம். 78 ஆயிரம் மட்டுமே ஓடிய வண்டி என்கிறார், ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் நசுங்கிப் போயிருந்தால் மீட்டரை யாரோ திருகியிருக்கிறார்கள். வண்டி நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய விவரம் கேளுங்கள்.

சரி, டெல்லி நம்பர். கடிதத்தில் இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் பகீரென்றது. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குப் பிறகு அதைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக ஒரே இழுபறி. அங்கே வண்டிக்காரர் பயந்து வந்த விலைக்குத் தள்ளுகிறார், அது லாரியில் ஏறி இங்கே வந்து "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" ஆகிவிடுகிறது. எல்லா டாக்டரும் டெல்லியில் டஸ்டர்தான் ஓட்டியிருக்கிறார்கள் போல!

வண்டி நன்றாகவே இருக்கட்டும், பேப்பர் என்ன ஆகும்? அந்த ஊர் ஆர்டிஓ தடையில்லாச் சான்று (என்ஓசி) கொடுக்க வேண்டும். லோன் இருந்திருந்தால் பேங்க் அதை ரத்து செய்த பேப்பர் வேண்டும். பாக்கி சலான் எல்லாம் கட்டியிருக்க வேண்டும். இங்கே வந்து தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறையும், ஆனால் உண்டு, புரோக்கர் சொல்லும் விலையில் அது சேராது. அப்புறம் இன்ஸ்பெக்ஷன், புது நம்பர். இதையெல்லாம் ஆன்லைனில் வைத்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்கிறது, ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு அதே பேப்பரைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அதே கவுன்டரில்தான் நிற்க வேண்டியிருக்கிறது, கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் கையெழுத்துப் போட்ட ஆள் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வேண்டும், விற்பவர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிய வேண்டும் என்று மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. உங்கள் புரோக்கரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். முகம் போகிற போக்கைப் பார்த்தால் உங்களுக்கே பாதி பதில் கிடைத்துவிடும். "ஓப்பன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன் சார், எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்று, வாங்குபவர் பேர் காலியாக இருக்கும் ஃபார்மைக் காட்டி அவர் ஆரம்பித்தால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். பேர் மாறாமல் ஓட்டினால் விபத்தில் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

அப்போது வெளிமாநில வண்டியே வேண்டாமா? ஒரே ஒரு வகை பரவாயில்லை, அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறார்கள். பேங்க், ராணுவம், மத்திய அரசு வேலை என்று மாற்றலாகி இங்கே வந்தவர், தன் வண்டியைத் தானே கொண்டுவந்து, தன் பேரிலேயே இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அது நல்ல வண்டி, பயப்படாமல் பாருங்கள். கவனியுங்கள், ஏற்கெனவே வாங்கியிருக்க வேண்டும். "என்ஓசி வந்துவிட்டது, நம்பர் அடுத்த மாதம்" என்பது இந்த வகை இல்லை. மாற்றலாகி வந்தவரின் வண்டியை புரோக்கர் வாங்கி தன் கையில் வைத்திருப்பதும் இந்த வகை இல்லை. ஆர்சியில் இருக்கும் பேரும், உங்கள் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஆளும், ஆதாரில் இருக்கும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் எழுந்து வந்துவிடுங்கள், டீக்கு மட்டும் காசு கொடுங்கள்.

ஆக இந்த வண்டிக்கு, இந்த நிலையில், ஐந்தே முக்கால் லட்சம் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம், அட்வான்ஸ் வாங்கிய புரோக்கர் அதைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மண் சோதனையில் பாஸ் ஆகி, டயரும் சரியாக இருந்து, வண்டி உங்களுக்கு நிஜமாகவே பிடித்துவிட்டால், உங்கள் பேரில் தமிழ்நாட்டு நம்பர் வந்த பிறகு முழுப் பணம் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் யோசிக்கலாம். இல்லையென்றால் உள்ளூர் நம்பரில், கொஞ்சம் விலை கூடினாலும், நேரடி ஓனரிடம் தேடுங்கள். மாதக் கணக்கில் ஆகலாம், இந்த மழைக்கு தோட்டத்துக்கு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த டஸ்டரை எடுத்தாலும் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இந்த டீசல் இன்ஜினில் செயின் இல்லை, பெல்ட். அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் இறக்க வேண்டிவரும், அதுவும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எங்காவது ஒன்றில் நடந்தால் டோ வண்டிக்காரர் சொல்வதுதான் ரேட். வாயால் "மாத்தியாச்சு சார்" என்பதை நம்பாதீர்கள், பில்லில் கிலோமீட்டரும் தேதியும் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்ற என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.