வாசகர் கேள்வி பதில்: படகு இல்லாதவருக்கும் இடம் உண்டு

பாசிர் ரிஸ் வாசகி ஒருவர்: என் பத்து வயது மகன் பாய்மரப் படகோட்டம் பழகுகிறான். 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரின் பென் டான் லேசர் எனும் ஒருவர் ஓட்டும் படகில் தங்கம் வென்றதைச் சொல்லிச் சொல்லியே அவன் தந்தை அவனுக்கு ஆசை காட்டிவிட்டார். எனக்கோ படகோட்டக் கிளப் என்றாலே வசதி படைத்தவர்களின் இடம் என்ற தயக்கம் இருக்கிறது. சொந்தப் படகு இல்லாமல் அங்கே போய் நாங்கள் என்ன செய்வது?

உங்கள் தயக்கத்தில் பாதி நியாயமானதுதான். உறுப்பினர் சந்தா, படகை நிறுத்தி வைக்கும் கட்டணம், பாய் கிழிந்தால் தைக்கும் செலவு என்று சொந்தப் படகு வைத்திருப்பவரின் பணம் கரைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால், கிளப்பில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது படகு அல்ல, ஆள். பெரிய படகு ஒன்றைப் பந்தயத்தில் ஓட்ட நான்கைந்து பேராவது வேண்டும். சனிக்கிழமை காலையில் அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு மாமியார் வீட்டு விசேஷம் என்றால், அந்தப் படகின் தலைவரான ஸ்கிப்பர் கைத்தொலைபேசியோடு அலைவதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். குழுவில் சேர விரும்புவதாகப் பந்தய அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு, சொன்ன நேரத்திற்கு இரண்டு வாரம் தவறாமல் வந்து நின்றால் போதும், மூன்றாம் வாரம் அவர்களே உங்களை அழைப்பார்கள்.

மகனைப் பொறுத்தவரை அவசரப்பட்டுப் புதுப் படகு வாங்க வேண்டாம். அவன் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளமும் சுமார் 35 கிலோ எடையும் கொண்ட சிறு படகு. அதில் 15 வயது வரைதான் போட்டியிட முடியும் என்பதால், வளர்ந்த பிள்ளைகளின் படகுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள தேசியப் படகோட்ட நிலையத்தையும், மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர் விளையாட்டு நிலையங்களையும் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

நீங்களும் கரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முடிவுக் கோட்டில் நிற்கும், பந்தயத்தை நடத்தும் குழுவின் படகில் ஒருவர் பாயில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்வார், ஒருவர் நேரம் சொல்வார், மூன்றாமவர் எழுதுவார். நான் பல ஆண்டுகளாக அந்த மூன்றாமவன். பேனா கொண்டு போகாதீர்கள், பென்சில் கொண்டு போங்கள். மழைத்துளி விழுந்து மை கலைந்த தாளை வைத்துக்கொண்டு 32ஆம் எண் படகா 82ஆம் எண் படகா என்று மாலையில் விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

யீஷுன் வாசகர் ஒருவர்: முதன்முறையாக ஒரு பந்தயத்தில் குழுவினராகச் சென்றேன். குறுக்கே வந்த படகிலிருந்து ‘ஸ்டார்போர்ட்!’ என்று கத்தினார்கள். நாங்கள் விலகத் தாமதித்ததால் அவர்களே திரும்பி விலகிக்கொண்டார்கள், படகுகள் உரசவே இல்லை. அப்படியிருந்தும் எங்கள் ஸ்கிப்பர் தாமாகவே படகை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு நான்கு இடங்களை இழந்தார். நடுவர் எவரும் பார்க்காதபோது ஏன் இந்தத் தண்டனை?

பார்க்க எவரும் இல்லை என்பதுதான் காரணம். காற்றை இடப்புறம் வாங்கி ஓடும் படகு, வலப்புறம் வாங்கி ஓடும் படகுக்கு விலகி வழிவிட வேண்டும். அந்த வலப்புறத்தைத்தான் ‘ஸ்டார்போர்ட்’ என்று கத்தினார்கள். உரசினால்தான் தவறு என்று எண்ணாதீர்கள், அவர்கள் திசைமாற வேண்டி வந்ததே தவறுக்குப் போதுமானது. கிளப் பந்தயங்களில் பொதுவாக நீரில் நடுவர் இருப்பதில்லை. ஆகவே, தவறியவர் மற்றப் படகுகளை விட்டு ஒதுங்கி உடனே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

இதே போன்ற ஒரு தருணத்தில் நான் சுற்றாமல் போனேன். எதிர்ப் படகினர் முறையீடு செய்யப்போவதன் அடையாளமாகச் சிவப்புக் கொடி காட்டினார்கள். அன்று மாலை மூவர் கொண்ட முறையீட்டுக் குழுவின் முன், மேசைமேல் விரல் நீளப் பொம்மைப் படகுகளை நகர்த்தி நகர்த்தி என் கட்சியைச் சொன்னேன். நான் நகர்த்திக் காட்டிய படகே என் தவறையும் காட்டிவிட்டது. முதலிடத்திற்கு 1 புள்ளி, இரண்டாமிடத்திற்கு 2 என்று போகும் இக்கணக்கில் குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். 14 படகுகள் பதிவான தொடரில் தகுதி இழந்த எனக்கு 15 புள்ளிகள் கிடைத்தன. சுற்றியிருந்தால் ஆறோ ஏழோ வாங்கியிருப்பேன். முறையீடு செய்த ஸ்கிப்பரே அன்று எனக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிடோக் வாசகர் ஒருவர்: சாங்கிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, பந்தயத்தின் நடுவில் ஒரு படகு நங்கூரம் இறக்குவதைக் கண்டேன். போட்டி கைவிடப்பட்டதா?

இல்லை, அந்தப் படகு போட்டியில்தான் இருந்தது. சாங்கிக்கும் புலாவ் உபின் தீவுக்கும் இடையே கடல் ஏற்ற இறக்க நேரங்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று அதை எதிர்த்து ஓடத் துணை நிற்கும். ஏப்ரல், மே மாதங்களிலோ காற்று திடீரென்று செத்துவிடும். அப்போது பாய் லேசாகப் புடைத்திருக்க, படகின் முன்புறத்தில் நீர் சலசலக்க, முன்னே போவதாகவே தோன்றும். கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துப் பார்த்தால்தான் பின்னே போய்க்கொண்டிருப்பது தெரியும். நங்கூரமிட விதி அனுமதிக்கிறது, மீண்டும் கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் பின்னோக்கி மிதக்க, நின்ற இடத்திலேயே நிற்பவர் முந்துவார். ஆகவே, அனுபவசாலிகள் இதை ஊரறியச் செய்வதில்லை. போட்டிப் படகுகளுக்குத் தெரியாத பக்கத்தில் ஒருவர் எதையோ தேடுபவர்போல் மண்டியிட்டு, ஓசை எழாமல் கயிற்றைக் கைமாற்றி இறக்குவார். நீங்கள் கரையில் நின்றதால் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.