ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திய சாலை நம் சர்வரில் ஏன் மாறவில்லை?

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலையை நேற்றே ஒருவழிப்பாதை என்று திருத்தியும், அதன் தரவின் நகலில் ஓடும் உங்கள் சர்வர் பழைய வழியையே காட்டுகிறது என்கிறீர்கள். அங்கே மாற்றங்கள் நிமிடம், மணி, நாள் என மூன்று விதக் கோப்புகளாக வெளியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. முதலில், கடைசியாக ஏற்றிய மாற்றக் கோப்பைக் குறித்துவைக்கும் உங்கள் ஸ்டேட் கோப்பில் அந்த எண்ணைப் பாருங்கள் (அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், குழம்பவேண்டாம்). எண் நகரவில்லை என்றால், மாற்றங்களை இறக்கி ஏற்றும் அப்டேட் ஸ்கிரிப்ட் நின்றிருக்கிறது. அவசரத்தில் இடையிலுள்ள கோப்பைத் தாண்டாதீர்கள்: அதில் வந்த நோடுகள் (சாலையை உருவாக்கும் புள்ளிகள்) இல்லாமல் அடுத்ததில் வரும் சாலை அறுந்து நிற்கும். நின்ற எண்ணிலிருந்தே வரிசையாக ஏற்றுங்கள்.

எண் நகர்கிறதா? வரைபடத்தில் ஒருவழி அம்புக்குறி வந்து, வழி மட்டும் பழையதென்றால் வழியைக் கணக்கிடும் ரூட்டிங் கிராஃபை மறுபடி உருவாக்குங்கள். அது தனிக் கோப்பு. படமே பழையதென்றால் டைல் கேஷ்தான் (முன்பே வரைந்து சேமித்த வரைபடத் துண்டுகள்) காரணம். மொத்தமாக அழித்தால் சர்வர் திணறும். மாறிய டைல்களை மட்டும் காலாவதியாக்குங்கள்.